டைப்பிங் அக்காவும் புது லேப்டாப்பும்

முதலில் நான்கு மூலைகள். பிறகு ஓரங்கள். கடைசியில் நடுப்பகுதி, வட்டம் வட்டமாக. மூக்குக் கண்ணாடிக் கடையில் இனாமாகக் கொடுத்த மெல்லிய துணியால் லேப்டாப்பின் திரையைத் துடைத்து முடிக்காமல் டைப்பிங் அக்கா ஒரு எழுத்துகூட அடிக்க மாட்டாள். துடைத்து முடித்ததும் விரல் முட்டியால் திரையின் மேல் ஒரு சின்னத் தட்டு. வேலை தொடங்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கண் தெரியாது. அந்தத் திரையால் அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இதை யாராவது நாசூக்காகச் சுட்டிக்காட்ட முயன்றால் பதில் தயாராக இருக்கும். "எனக்காகவா துடைக்கிறேன்? வர்றவங்க பாப்பாங்கள்ல. தூசியா இருந்தா, பாவம் கண்ணு தெரியாதவன்னு சொல்லிட்டுப் போவாங்க. பளிச்சுன்னு இருந்தா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. அந்த ஒண்ணுமே சொல்லாம இருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணும்."

அவள் தொழில் கேட்டு எழுதுவது. கூட்டங்கள், நேர்காணல்கள், மருத்துவர்கள் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகும் குறிப்புகள். யாரோ எங்கோ பதிவு செய்த பேச்சு அவளிடம் ஒலியாக வந்து எழுத்தாகத் திரும்பிப் போகும். இடது காதில் இயர்போன். அதில் பதிவு ஓடும். வலது காதை வெறுமனே விட்டிருப்பாள்; அது லேப்டாப்புக்கு. அவள் அடிக்க அடிக்க லேப்டாப் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. முன்பாதத்தால் அழுத்தினால் பேச்சு ஓடும். குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். காலை எடுத்துவிட்டால் பேசியவர் பாதி வார்த்தையில் அப்படியே நிற்பார். "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் நான் காலத் தூக்கினா கப்சிப்" என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நேரில் சந்தித்திராத இந்த மனிதர்களுக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருக்கிறாள். அந்த வாரம் கையில் இருந்தது ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வண்டி நிறுத்தும் இடத்தை யாருக்கு எத்தனை அடி பிரிப்பது என்பதில் தொடங்கி, ஒருவர் வீட்டு நாய் வரைக்கும் போயிருந்தது. அதில் 'கனைப்பு' என்று ஒருவர், 'பேனா சொடுக்கி' என்று ஒருவர். 'ஒண்ணே ஒண்ணு' என்று ஒரு அம்மாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடறேன்" என்று எழுந்தால் சாமானியத்தில் உட்கார மாட்டார். "இந்தம்மா மூச்சு விடற இடத்துல நான்தான் கமா வெக்கிறேன்" என்பது அக்காவின் குறை. "நிஜத்துல அவங்க கமாவே வெக்கறதில்ல."

இனி தம்பி. லேப்டாப்புக்குள்ளிருந்து படிக்கும் குரலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லும் நிரல் பல குரல்களில் பேசும். தம்பி அவற்றில் மிகப் பழையவன். மூக்கால் பேசுவான். உணர்ச்சி கிடையாது. மரண அறிவிப்பையும் மளிகைச் சாமான் தள்ளுபடியையும் ஒரே தொனியில் வாசிப்பான். அவனை அவள் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால், புதிதாகக் கேட்பவர்களுக்கு அது பேச்சு என்றே தெரியாது. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கதவைத் தட்டி, "அக்கா, உள்ள ஏதோ ஷார்ட் சர்க்யூட் மாதிரி சத்தம் வருது" என்று பதறியிருக்கிறாள்.

அவள் வீட்டுக்காரருக்கு அது வேறு மாதிரி. அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இரும்புக் கயிறும் மோட்டாரும் போடும் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர். "தகர டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. எப்படித்தான் கேக்கறியோ" என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதில்லை. ஆனால் ஒரு தடவை சொன்னது போதுமே. வாசலில் அவருடைய சாவிக் கொத்துக் குலுங்கும் சத்தம் கேட்டதும் அக்காவின் விரல் தானாகப் போய்த் தம்பியின் சத்தத்தை இரண்டு படி குறைக்கும். குறைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "வந்துட்டீங்களா?" என்பாள்.

லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். விடுதியில் கூடப் படித்த தோழி ஒருத்தி போட்டுக் கொடுத்தது. ஆன் செய்து, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் யார் துணையும் இல்லாமல் அதுவே பேச ஆரம்பித்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மற்றவர்கள் என்னென்னவோ மாறிய பிறகும் அவள் அதை விட்டு அசையவில்லை. "இதுல ஏதாவது கெட்டுப்போச்சுன்னா கெடுத்தது நான்தான்னு எனக்கே தெரியும். ஆள் யாருன்னு தெரிஞ்சுட்டா கோவம் பாதி போயிடும்." ஆனால் புதுப்பிக்கலாமா என்று அது எப்போது கேட்டாலும் 'அப்புறம்' என்பதையே அழுத்துவாள். "வீட்டுல நாற்காலிய இடம் மாத்தினா முட்டிக்கறது யாரு? நான்தானே? அப்ப எனக்கு ஏன் புதுசா அடுக்கணும்?"

அவள் அப்படியே வைத்திருந்தாலும் உடம்பு ஒத்துழைக்கவில்லை, லேப்டாப்பின் உடம்பு. பேட்டரி எப்போதோ படுத்துவிட்டது. சார்ஜர் ஒயரோடு சுவரில் கட்டிப்போட்ட மாதிரிதான் இருந்தது. மூடியின் கீல் உடைந்து, பின்னால் ஒரு கனமான பாத்திரம் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. சூடானால் உள்ளே காற்றாடி பெரிதாக இரையும். அதற்கும் மேல் சூடானால், அறிவிக்காமல் அணைந்துவிடும். சங்கக் கூட்டம் நாய் விஷயத்துக்கு வந்திருந்தபோது இரண்டு தடவை அப்படி ஆனது. கொடுத்த தவணை தவறியது. வேலை கொடுக்கும் அலுவலகத்தின் மேற்பார்வையாளர் போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"மேடம், திங்கக்கிழமை காலைல கண்டிப்பா வேணும். இந்தத் தடவையும் மெஷின் நின்னுடுச்சுன்னு சொன்னீங்கன்னா, எனக்கே மேல பதில் சொல்ல முடியாது. கூட்ட வேலையெல்லாம் வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

"வந்துடும் சார்" என்றாள். போனை வைத்துவிட்டு, "மரியாதையாப் பேசினா பயமா இருக்கு" என்றாள்.

வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறார் என்று அர்த்தம்.

அக்காவின் தங்கைக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள அக்கா இரண்டு நாள் போய்விட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பினாள். கை கழுவிக்கொண்டு நேராக மேஜைக்குப் போய், துணியை எடுத்துக்கொண்டு திரையின் இடது மூலையைத் தொட்டாள். தொட்ட கை அங்கேயே நின்றது.

மூலை வேறாக இருந்தது. வளைந்து, சில்லென்று, மெல்லிசாக இருந்தது. முட்டுக் கொடுத்த பாத்திரத்தைக் காணோம்.

"என்னங்க இது?"

"புதுசு" என்றார் வீட்டுக்காரர். குரலில் சிரிப்பை அடக்கியது கேட்டது. "கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கறானே தாடி, அவன் கடைல வாங்கினேன். உன் பெங்குவின் லினக்ஸ்தான் போட்டிருக்கு, பயப்படாதே. வேற எதையாவது போட்டா அவ வீட்டுக்குள்ள விடமாட்டான்னு அவன்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன்."

"பழசு எங்க?"

"அத அவனே எடுத்துக்கிட்டான். உன்னோடது எல்லாத்தையும் இதுக்கு மாத்தித் தந்துட்டான். ஒரு ஃபைல் விடல."

அக்கா உட்கார்ந்தாள். விசைகளின் மேல் விரல்களை வைத்தாள். பழையதில் முக்கியமான விசைகளில் நகச்சாயத்தைச் சொட்டு விட்டுக் காயவைத்த மேடுகள் இருக்கும். இதில் எல்லாம் வழுவழுவென்று ஒரே மாதிரி இருந்தன. புதிதாக வந்து இறங்கிய விடுதி அறையில் விளக்கு ஸ்விட்சைச் சுவரெல்லாம் தடவித் தேடுகிற மாதிரி அவள் விரல்கள் அலைந்தன. கடைசியில் ஆன் ஆனது. காற்றாடி இரையவே இல்லை. அந்த மௌனத்தில் ஒரு பெண் குரல், தேன் தடவிய மாதிரி, நிதானமாகப் பேசியது.

"வணக்கம். உங்கள் கணினி தயாராக உள்ளது."

"யாருங்க இவ?" என்றாள் அக்கா.

"தாடிதான் வெச்சான். புதுக் குரலாம். மனுஷங்க மாதிரியே பேசுமாம். நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு. அடுத்து சீட் பெல்ட்டப் போட்டுக்கச் சொல்லுவா போல."

வீட்டுக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று வேலைக்கு உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட அந்தக் குரல் வார்த்தைகளின் வாலை விழுங்கியது. 'சொன்னேன்' என்றதா, 'சொன்னோம்' என்றதா என்று தெரியவில்லை. நாயைக் கட்டிப்போடச் சொன்னது தலைவர் ஒருவரா, மொத்தச் சங்கமுமா என்பது அந்த வாலில்தான் இருந்தது. அதை விழுங்கிவிட்டால் கேட்டு எழுதுகிறவள் என்ன செய்வாள்? மெதுவாக வைத்தால் புரிந்தது; ஆனால் அந்த வேகத்தில் போனால் அடுத்த ஆண்டுக் கூட்டமே வந்துவிடும்.

அமைப்புகளைத் துழாவிப் பழைய குரலைக் கண்டுபிடித்தாள். மெனுக்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. சமையலறையைத் தெரியாதவர்கள் அடுக்கிவிட்டுப் போன மாதிரி. மூக்குக் குரல் வந்தது. முகம் மலர்ந்தது. இரண்டு வரி கேட்டாள். மலர்ந்த முகம் மெல்ல மூடியது.

"தம்பியோட சாடை இருக்கு. தம்பி இல்ல" என்றாள்.

பன்னிரண்டு வருடமாக அவள் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மருந்துகளின் பெயர்களை எப்படி உச்சரிப்பது, எந்தச் சுருக்கத்தை எப்படி விரித்துப் படிப்பது என்றெல்லாம். சில இடங்களில் குறும்பும் உண்டு. மேற்பார்வையாளரின் பெயர் எங்கே வந்தாலும் தம்பி 'பூதம்' என்று படிப்பான். அடிப்பதற்கும் அவளுக்கென்று குறுக்குவழிகள் இருந்தன. 'தகூ' என்று அடித்தால் 'தலைவர் அவர்கள் கூறியதாவது' என்று முழுசாக விரியும். 'சச' என்றால் 'சலசலப்பு. பலர் ஒரே நேரத்தில் பேசுகின்றனர்'. சங்கக் கூட்டத்தில் இரண்டாவது இல்லாமல் ஒரு பக்கம் நகராது. புது லேப்டாப்பில் 'சச' என்று அடித்தால் 'சச' என்றுதான் நின்றது.

"எல்லாம் மாத்திட்டான்னு சொன்னீங்களே."

"எல்லாத்தையும்தான் மாத்தினான். கூடவே நின்னேன்."

அவர் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பது அவளுக்குக் கேட்டது. நல்லது செய்யப்போய்ப் பல்ப் வாங்கிய ஆண்பிள்ளை வேறு என்ன செய்வார்?

மறுநாள் காலை காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று பொறி தட்டியது. லினக்ஸில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்புறைகள் மறைந்திருக்கும், கேட்டால்தான் காட்டும். தம்பியின் பாடங்களும் அவளுடைய குறுக்குவழிகளும் அந்தப் புள்ளி வைத்த இடங்களில்தான் இருந்தன. தாடிக்குப் போன் போட்டாள். இரண்டாம் தடவைதான் எடுத்தான்.

"எல்லாம் எடுத்துட்டேனே அக்கா. கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு விடல."

"தெரியாதத யார் எடுக்கறது?"

"ஐயோ, புள்ளி" என்றான். "அக்கா, எக்ஸ்சேஞ்சுல வந்த டிஸ்க்கையெல்லாம் மதியம் மொத்தமா அழிச்சிடுவோம். சீக்கிரம் வாங்க. நான் தொடாம வைக்கிறேன். ஆனா கடைல நான் மட்டும் இல்ல, பாத்துக்கோங்க."

வீட்டுக்காரர் அதற்குள் சட்டையை மாட்டியிருந்தார்.

தாடி கடை என்பது ஒரு வணிகக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் நீளமான பொந்து. ஈயம் உருகும் வாசனை. டப்பா மூடிகளில் வகைவகையாகத் திருகாணிகள். ஒரு மேஜை மின்விசிறி தலையாட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் தாடிக்கு இப்போது தாடி இல்லை. எடுத்துவிட்டான். அக்காவுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பெயரை மாற்றுகிற ஆள் இல்லை. அடுக்கி வைத்திருந்த பழைய லேப்டாப்களின் மேல் அவள் கையை ஓட்டினாள். மூன்றாவதில் விரல் நகச்சாயத்தின் மேட்டில் தட்டி நின்றது.

"இவன்தான். போடு, தாடி. ஒரு பென் டிரைவ் குடு, நானே எடுத்துக்கறேன்."

"போட்டா ஒண்ணும் வராதே அக்கா. டிஸ்க்கக் கழட்டித்தான் எடுக்கணும். அன்னைக்கும் அப்படித்தான் எடுத்தேன். திரை செத்துப்போச்சே."

"என்னது?"

"திரை. செத்து ரொம்ப நாளாச்சு. அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேனே."

அக்கா மெதுவாக வீட்டுக்காரர் நின்ற பக்கம் திரும்பினாள்.

"எப்பலேர்ந்துங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? பேட்டரிக்காக நீதானே வெளிச்சத்தச் சுத்தமாக் குறைச்சு வெச்ச. கறுப்பா இருந்தா, குறைச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"பேட்டரியே போய் எத்தன வருஷமாச்சு?"

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு யோசித்து, "கடைசியா அதுல நான் வெளிச்சத்தப் பார்த்தது உன் தங்கச்சி கல்யாணப் படத்த நீ என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னியே, அப்ப."

தங்கையின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

"அப்ப நான் தினமும் துடைச்சேனே?"

மின்விசிறி மட்டும் இல்லை இல்லை என்று தலையாட்டியது. கடைசியில் தாடிதான் துணிந்தான். "ஒண்ணு சொல்லவா அக்கா? நான் பார்த்த பழைய லேப்டாப்லயே இவ்வளவு சுத்தமான திரை இதுதான்."

முதலில் சிரித்தது அக்காதான். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கே தெரிஞ்சுதானே இருந்தீங்க. ஏன் சொல்லல?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"எப்படிச் சொல்றது? நீ அவ்வளவு அக்கறையாத் துடைப்ப."

அவள் சிரிப்பு கொஞ்சம் தணிந்தது. "சரி, போடு" என்றாள் தாடியிடம். "எனக்கு எதுக்கு திரை?"

சார்ஜரைச் சொருகி ஆன் செய்தார்கள். மேஜை அதிர்ந்தது. காற்றாடி இரைந்தது. பிறகு அந்த இரைச்சலுக்கு நடுவே தம்பி தன் முழு வேகத்தில் அவிழ்த்துவிட்டான். போனுக்கு உறை வாங்க வந்திருந்த ஒருவர் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னக்கா சொல்றான்?" என்றான் தாடி.

"பாஸ்வேர்டு கேக்கறான். திரும்பிக்கோ."

தாடி திரும்பிக்கொண்டான். ஆன் ஆனதும் கடைசியாக வந்த செய்திகளை வரிசையாகப் படிப்பது தம்பியின் வழக்கம். படித்தான். இடையில் வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்தார்.

"என்னங்க சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. இந்த ஃபேன் காத்து மூக்குக்குள்ள போயிடுச்சு."

அவள் பொருட்படுத்தவில்லை. மறைந்த கோப்புறைகளைக் காட்டச் சொன்னாள். புள்ளி, புள்ளி, புள்ளி என்று தம்பி ஒரு பெரிய பட்டியலை இறக்கினான். எதில் எது இருக்கிறது என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. "எதுன்னு யார் கண்டா. புள்ளி வெச்ச அத்தனையும் வா" என்று மொத்தமாகப் பிடித்துப் பென் டிரைவுக்கு அனுப்பினாள். தாடி தன் பங்குக்கு, "கேஷ்ங்கற ஃபோல்டர மட்டும் விட்டுடுங்க அக்கா, தானா சேர்ந்த குப்பை அது. சீக்கிரம் முடியும்" என்றான். அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. விட்டாள்.

பாதி போயிருக்கும். காற்றாடியின் இரைச்சல் ஒரு சுதி மேலே ஏறியது. அக்கா விறைத்து உட்கார்ந்தாள். அந்தச் சுதி அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு சுதி ஏறினால் அணைந்துவிடும். அணைந்தால் இந்தச் சூட்டில் மறுபடி எழுந்திருப்பான் என்று சொல்ல முடியாது.

"சுடறான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்காரர் லேப்டாப்பை ஒயரோடு அலாக்காகத் தூக்கினார். மேஜை மின்விசிறிக்கு நேரே, அடிப்பாகத்தில் காற்று படும்படி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். விசிறி தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் அவரும் திரும்பினார். "அண்ணே, அந்த ஆட்டத்த நிறுத்திடலாம், ஒரு பட்டன்தான்" என்று தாடி சொல்லும்வரை, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டுகிறவர் மாதிரி இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தார். தாடி ஓடிப்போய்த் தூசி ஊதும் கருவியை எடுத்து வந்து பக்கவாட்டில் பிடித்தான். அக்கா ஒரு கையால் பென் டிரைவை, அது எங்கேயாவது ஓடிவிடுமோ என்பது போல, அழுத்திப் பிடித்தபடி சுதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுதி ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியது. முடிந்துவிட்டது என்று தம்பி அறிவித்தபோது, அந்த மூக்குக் குரலில் எந்த உணர்ச்சியும் இல்லை.

"அணைச்சிடலாம்" என்றாள். அணைப்பதற்கு முன் துணியைத் தேடினாள், எடுத்து வரவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்தாள். நான்கு மூலைகள், ஓரங்கள், நடு. முட்டியால் ஒரு தட்டு.

வீட்டில் புள்ளி வைத்ததையெல்லாம் புதியதில் இறக்கியபோது பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை. உச்சரிப்புகள் வந்துவிட்டன. குறுக்குவழிகளும் வந்துவிட்டன. மெனுக்களுக்கு அவள் போட்டிருந்த பாதைகள் மட்டும் வரவில்லை. அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியவள் அவள்தான். "பரவால்ல. நாற்காலிய மாத்திட்டாங்க, இனிமே இங்கதான் இருக்கும்னு தெரிஞ்சுட்டா முட்டிக்க மாட்டேன்" என்றாள். வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, புது விசைகளில் நகச்சாயம் சொட்டினாள். எப்போதும் போல, "என்ன கலரு?" என்று கேட்டாள். "பச்ச" என்றார். "உங்களுக்குப் பிடிக்குமா?" என்றாள். "பச்சைன்னா எனக்கு உயிர்" என்றார். உண்மையில் அது சிவப்பு. அவருக்கு ஏதாவது ஒரு விளையாட்டு வேண்டும்.

பிறகு வேகத்தை ஏற்றினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் தம்பி, "வேகமாக" என்றான். ஒவ்வொரு தடவையும் அந்த 'வேகமாக' முன்னதைவிடக் குட்டையானது. கடைசியில் அது ஒரு சொடுக்கு மாதிரி கேட்டபோது விரலை எடுத்தாள். 'சச' என்று அடித்தாள். சலசலப்பு, பலர் ஒரே நேரத்தில் பேசுகின்றனர். அடுத்த நொடி காலால் மிதித்தாள். கூட்டம் ஓடத் தொடங்கியது.

அன்று மிச்சப் பொழுதும் மறுநாள் ஞாயிறும் மிதித்துக்கொண்டே இருந்தாள். நாய்க்கு ஒரு முடிவு வந்தது. கனைப்பு ராஜினாமா செய்து, பிறகு அதை வாபஸ் வாங்கினார். ஞாயிறு மதியம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒயரைக் கழற்றினாள். லேப்டாப்பைக் கையில் எடுத்தாள். காகிதக் கட்டு மாதிரி இருந்தது. மிதியையும் கூடவே தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் வெயிலில் உட்கார்ந்து வேலை செய்தது அதுதான் முதல் தடவை. கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்த வந்து, "என்னக்கா, சத்தம் இன்னைக்கு வெளியிலேர்ந்து வருது" என்றாள். "காத்து வாங்கக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் அக்கா.

சாயங்காலம் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். 'ஒண்ணே ஒண்ணு' அம்மாள் நன்றியுரைக்கு எழுந்திருந்தார். இடது காதில் அவர். வலது காதில் தம்பி. நடுவே தம்பி, படித்துக்கொண்டிருந்த வரியை நிறுத்தாமலே, பேட்டரி குறைவு என்று ஒரு சொடுக்குப் போட்டுவிட்டு மேலே போனான். இந்த ஒரு பத்தியை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று அவள் காலை எடுக்கவில்லை.

அறைக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் வந்தது. அவள் விரல் தானாகப் போய், புதிதாகக் காய்ந்த மேட்டைத் தடவி, சத்தத்தை இரண்டு படி குறைத்தது. வீட்டுக்காரர் குனிந்தார். பக்கவாட்டில் ஏதோ சொருகிக்கொள்ளும் சின்னச் சத்தம். சார்ஜர்.

"நான் கேக்கவே இல்லையே" என்றாள்.

"நீ கேக்கல. அவன் கேட்டானே."

அவள் கால் மிதியிலிருந்து எழுந்தது. அந்த அம்மாள் நன்றியின் நடுவில் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அப்புறம்" என்றார் வீட்டுக்காரர், ஒயரைக் கால் இடறாதபடி ஓரமாகத் தள்ளிவிட்டு, "பூதத்துக்கு அனுப்பிட்டு வா. பெரிய மனுஷன் நான் சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."

வீட்டுக்காரரின் பெயரைத் தம்பி 'பெரிய மனுஷன்' என்றுதான் படிப்பான். அதை அவள் சொல்லிக்கொடுத்தது கல்யாணமான முதல் மாதம். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு வேகத்தில் தம்பி படிப்பது புரிந்தால்தான் அது தெரிந்திருக்க முடியும்.

செருப்புச் சத்தம் உள்ளே போனது. அக்கா அந்த மேட்டுக்குப் பக்கத்து மேட்டைத் தேடிப் பிடித்து, குறைத்த இரண்டு படியையும் ஏற்றினாள். இன்னும் இரண்டு படி ஏற்றினாள். காலை மிதியில் வைத்தாள்.